கல்லை அறைக்குள் வைக்கலாமா? கண்காட்சி அமைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பள்ளிக்கூட வகுப்பறை முதல் அருங்காட்சியகக் கூடம் வரை கண்காட்சி வேலைக்குப் போய்வருகிறவள் நான். கல்லூரிப் பிள்ளைகள், ஓவிய ஆசிரியர்கள், சில சமயம் ஊர்ப் பெரியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். சில கேள்விகளுக்கு ஒரு வரி போதும். இறந்த வீரனின் நினைவாக நட்ட நடுகல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒரு பகல் போதாது.

கியூரேட்டர் என்பவரும் காப்பாட்சியர் என்பவரும் ஒருவர்தானா?

பதவியின் பெயர் ஒன்று, வேலை இரண்டு. அரசு அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர் என்றால் அங்குள்ள பொருள் அத்தனைக்கும் அவர்தான் பொறுப்பு: பதிவேடு, பூட்டு, சாவி, கரையான், மழை ஒழுகும் கூரை எல்லாம் சேர்த்து. கலைக் கண்காட்சி உலகத்தில் கியூரேட்டர் என்று சொல்லும்போது, எதை, எதற்குப் பக்கத்தில், என்ன சொல்வதற்காக வைப்பது என்று முடிவு செய்கிறவரைத்தான் நினைக்கிறார்கள். அவருக்குச் சொந்தமாக ஒரு பொருள்கூட இல்லாமல் இருக்கலாம். கொச்சி முசிறிஸ் பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி 2012இல் தொடங்கிய பிறகு இந்த இரண்டாவது அர்த்தம் நம் பக்கத்திலும் பரவிவிட்டது. இப்போது ஓசூரில் துணிக்கடைக்காரரும் "கியூரேட் பண்ணின கலெக்‌ஷன்" என்கிறார். அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

மாவட்டத்தில் வேலை செய்தால் இரண்டு வேலையும் உங்கள் தலையில்தான். காலையில் லேபிள் எழுதுவீர்கள், மத்தியானம் எலிப்பொறி வைப்பீர்கள்.

இங்கே கலை அருங்காட்சியகம் எங்கே இருக்கிறது?

நவீன ஓவியங்களைத் தேடினால் பெங்களூருக்குத்தான் போக வேண்டும். தேசிய நவீனக் கலைக்கூடத்தின் பெங்களூர்க் கிளை 2009 முதல் மாணிக்கவேலு மாளிகையில் இருக்கிறது. கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம் 2023இல் திறந்தது. ஓசூர்க்காரருக்குச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைவிட இவை ரொம்பக் கிட்டே. பேருந்தில் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

நம் மாவட்டங்களில் இருப்பவை வேறு வகை. கிருஷ்ணகிரியில் 1993 முதல் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அது அருங்காட்சியகங்கள் துறையைச் சேர்ந்தது. தருமபுரியில் நடுகற்களை வைத்திருக்கும் அகழ்வைப்பகம் தொல்லியல் துறையைச் சேர்ந்தது. இரண்டும் வெவ்வேறு துறை என்பது தெரியாமல் ஒரு துறைக்கு எழுத வேண்டிய மனுவை இன்னொன்றுக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருத்தி.

"இவையெல்லாம் தொல்பொருள்தானே, கலையா?" என்று ஓவிய மாணவர்கள் கேட்பார்கள். ஒரு நடுகல்லின் முன்னால் அரை மணி நேரம் உட்காருங்கள். வலக்கையில் வாள், இடக்கையில் வில், உடம்பெல்லாம் தைத்த அம்பு, இடுப்பு மட்டும் ஒரு பக்கம் ஒடிந்து நிற்கும் நிலை. உளி பிடித்தவன் எதைச் செதுக்குவது, எதை விடுவது என்று யோசித்துத்தான் செய்திருக்கிறான்.

பொருட்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

முதலில் கண்காட்சியை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பார்ப்பேன். "தருமபுரியின் பண்பாடு" என்றால் எதையும் உள்ளே விடலாம். ஆகவே அதில் ஒன்றும் இல்லை. "மாட்டுக்காக உயிர்விட்டவர்கள்" என்றால் உடனே வேலை நடக்கும். ஆநிரை மீட்டு இறந்தவன் கல் வரும், கவர்ந்துபோனவன் கல் வரும், மாட்டுக் கழுத்து மணி வரும், பழைய சந்தைப் புகைப்படம் வரும். புலி குத்திப் பட்டவன் கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே நிற்கும். அந்தக் கல்லை வெளியே நிறுத்துவதுதான் வலிக்கிற வேலை.

அடுத்தது சுவர்க் கணக்கு. முப்பதுக்கு இருபது அடி அறை என்றால் நாலு சுவரும் சேர்ந்து 100 அடி. கதவு, ஜன்னல், சுவிட்சுப் பெட்டி போக 80 அடி மிஞ்சினால் நல்லது. மூன்று அடி அகலப் படம், நடுவில் இரண்டு அடி இடைவெளி என்றால் 16 படம். 40 படம் கொண்டுவந்து கொடுத்த ஓவியரிடம் 24 படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். "எல்லாத்தையும் மாட்டிடுங்கம்மா, மேல கீழ அடுக்கினா போச்சு" என்பார். கல்யாண ஆல்பம் போல அடுக்கினால் பார்க்கிறவர் எதையும் பார்க்காமல் போவார் என்று சொல்லிப் புரியவைக்க ஒரு டீயாவது ஆகும்.

எங்கள் ஊரில் கும்பிடுகிற கல்லை அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போகலாமா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

நம் பக்கத்தில் நடுகல் வெறும் கல் கிடையாது. பல ஊர்களில் அது வேடியப்பன் என்ற சாமி. ஏரிக்கரையிலோ புளியமரத்தடியிலோ நிற்கும். மஞ்சள், குங்குமம், எண்ணெய் ஏறி ஏறி உருவமே மழுங்கியிருக்கும். சில இடங்களில் எனாமல் பெயிண்ட் அடித்து மீசைக்குக் கறுப்பு, வாளுக்கு வெள்ளி நிறம் கொடுத்திருப்பார்கள். ஆராய்ச்சியாளர் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். அந்தக் கல் உடைந்து மைல்கல்லாகவோ வீட்டுப் படியாகவோ போகாமல் ஆயிரம் வருடத்துக்கு மேல் நின்றதற்குக் காரணமும் அதே மஞ்சளும் எண்ணெயும்தான் என்பதை அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

சட்டம், அனுமதி எல்லாம் பிறகு. முதலில் ஊரைக் கேட்க வேண்டும். ஒருமுறை கல்லை அளந்து படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி வந்து நின்றார். "ஏம்மா, எங்க சாமிய ரூம்ல வெச்சிப் பூட்டப் போறீங்களா? அதுக்கு யாரு வெளக்கு வெப்பாங்க?" என்றார். நான் குளிர்சாதனம், பாதுகாப்பு, கேமரா என்று ஏதோ சொன்னேன். "அதெல்லாம் சரி, வெளக்கு?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கல் இன்னும் ஏரிக்கரையில்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது. பூசை நடக்கிற கல் தன் இடத்தில் இருக்கட்டும்; கண்காட்சிக்கு மைப்படியும் புகைப்படமும் போதும். மைப்படி என்றால் ஈரக் காகிதத்தைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிக் குழிக்குள் இறக்கி, மேலே மையை ஒற்றி எடுப்பது. எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் வரும். சுவரில் மாட்டினால் கல்லைவிடத் தெளிவாக வாசிக்க முடியும். இதற்கும் ஊரார் சம்மதம் வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கல் என்றால் துறையின் அனுமதியும் வேண்டும். வயலில் குப்புறக் கிடப்பது, சாலை விரிவாக்கத்தில் பெயர்ந்தது, கேட்பாரற்று உடைவது ஆகியவை மட்டும் அறைக்குள் வரட்டும்.

நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் சொல்லும் ஆறு நிலைகளில் முதலாவதன் பெயர் காட்சி. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது. பிறகுதான் கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். 'கண்காட்சி' என்று பலகை எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய காட்சி நினைவுக்கு வரும்.

அப்படி வருகிற கல்லை எப்படி நகர்த்துவது?

அவசரப்படாமல். நாலடி உயரம், மூன்றடி அகலம், அரையடி கனம் உள்ள கருங்கல் பலகை ஏறக்குறைய 450 கிலோ இருக்கும். எட்டு ஆள் கூடி "ஏலேலோ" போட்டுத் தூக்குகிற சமாச்சாரம் இல்லை. சங்கிலிக் கப்பியான செயின் பிளாக், அதைத் தொங்கவிட உயரமான முக்காலி, அகலமான நைலான் பெல்ட் வேண்டும். பெல்ட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் பழைய டயர் டியூபை வெட்டிக் கொடுக்க வேண்டும். சங்கிலி நேராகக் கல்லில் படக் கூடாது. வண்டியில் மணல் மூட்டை மேல் படுக்க வைத்துக் கொண்டுவாருங்கள், செதுக்கிய முகம் மேலே பார்த்தபடி.

பீடத்தில் சிமெண்ட் போட்டு நட்டுவிடாதீர்கள். சிமெண்டில் உள்ள உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் ஏறிப் பிறகு மேல்பரப்பை உரிக்கும். நாளைக்குக் கல்லை எடுக்க வேண்டுமானாலும் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ரப்பர் வைத்த இரும்புப் பிடி போதும். ஆசிட், கம்பி பிரஷ், சுண்ணாம்பு மூன்றும் கிட்டேயே வரக் கூடாது.

விளக்கு விஷயத்தில் என்ன பெரிய ரகசியம்?

கல்லுக்கு ஒரு ரகசியம், காகிதத்துக்கு ஒன்று.

கல்லுக்கு வெளிச்சம் கெடுதல் செய்யாது, திசைதான் பிரச்சினை. நேர் எதிரில் விளக்கை வைத்தால் புடைப்பின் நிழலெல்லாம் அழிந்து கல் தட்டையாகிவிடும், அதில் வெட்டிய பழைய வட்டெழுத்து இருக்கிற இடமே தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில், சுவரை ஒட்டினாற்போல் சாய்வாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்தும் நிழலோடு எழுந்து நிற்கும். ஏரிக்கரைக் கல்லைக் காலை ஏழு மணிக்கும் உச்சி வெயிலிலும் போய்ப் பார்த்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காகிதம், துணி, நீர்வண்ண ஓவியம், பழைய புகைப்படம் இவற்றுக்கு வெளிச்சமே விஷம். உலகம் முழுக்க அருங்காட்சியகங்கள் இவற்றுக்கு வைத்திருக்கும் அளவு 50 லக்ஸ். எண்ணெய் வண்ணத்துக்கு 150 முதல் 200 வரை போகலாம். லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு. கைப்பேசியிலேயே தோராயமாக அளக்கலாம். நம் ஊர் உச்சி வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். வெளிச்சத்தால் வரும் கெடுதல் கூடிக்கொண்டே போகும், ஆறாது. கணக்குப் போட்டால், ஒரு மணி நேர உச்சி வெயில் 50 லக்ஸில் 2,000 மணி நேரத்துக்குச் சமம். தினம் எட்டு மணி நேரம் திறக்கிற அறை என்றால் 250 நாள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் செய்வது இதற்கும் மேல்.

இந்தக் கணக்கெல்லாம் தெரியாத காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மேற்குச் சுவர் ஜன்னலுக்கு எதிரில் மாணவி ஒருத்தியின் நீர்வண்ணப் படத்தை மாட்டினேன். இரண்டு மாதம் அப்படியே இருந்தது. கழற்றும்போது சட்டத்தின் விளிம்புக்கு அடியில் மட்டும் பழைய இளஞ்சிவப்பு இருந்தது. மற்ற இடமெல்லாம் டீக்கறை. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, சட்டத்துக்கு அடியில் இருந்த அந்தக் கோட்டை மட்டும் விரலால் தடவிப் பார்த்தாள். இப்போது எந்த அறைக்குப் போனாலும் படத்தைப் பார்ப்பதற்கு முன் ஜன்னல் எந்தத் திசை என்று பார்க்கிறேன்.

படத்தை எந்த உயரத்தில் மாட்டுவது?

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலே முக்கால் அடி. பள்ளிப் பிள்ளைகள் நிறைய வருவார்கள் என்றால் அரையடி கீழே இறக்குங்கள். பெரியவர்கள் கொஞ்சம் குனிவதால் ஒன்றும் ஆகிவிடாது.

லேபிளில் என்ன எழுத வேண்டும்?

பெரும்பாலான லேபிள்கள் பதிவேட்டின் நகல். "நடுகல். பல்லவர் காலம். கி.பி. 7ஆம் நூற்றாண்டு. கருங்கல்." வாசிக்கிறவருக்கு அது கருங்கல் என்று ஏற்கெனவே தெரியும், கண் இருக்கிறதே.

பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "எருமைகளைக் காக்கப் போராடி இறந்தவன் கருந்தேவகத்தி. கூடவே நிற்கிற நாய்க்கும் பெயர் உண்டு: கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்தது என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். மகேந்திரவர்மப் பல்லவன் காலம்." அரசன் கடைசியில் வரட்டும். இதை வாசித்த குழந்தை நாயைத் தேடும். தேடும்போது கல் முழுவதையும் பார்த்துவிடும்.

அளவு நாற்பது, ஐம்பது சொல்லுக்குள் இருக்கட்டும். எழுத்து மூன்றடி தள்ளி நின்று கண்ணாடி இல்லாமல் வாசிக்கும் அளவு. பளபளப்புத் தாளில் அச்சடிக்காதீர்கள், விளக்கு பிரதிபலித்துப் பாதி மறையும்.

ஒரு சொல் விஷயத்தில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். "வேடியப்பன் என்று அழைக்கப்படும் வீரன்" என்று எழுதியிருந்தேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் வாசித்துவிட்டு, "அழைக்கப்படும்னா என்னம்மா? நாங்க என்ன பட்டப்பேரா வெச்சிருக்கோம்?" என்றார். மறுநாள் புது லேபிள் அடித்தோம்: "இவர் வேடியப்பன். மாடுகளை மீட்கப் போய் இறந்த வீரர்."

எத்தனை மொழியில் எழுதுவது?

தமிழும் ஆங்கிலமும் கட்டாயம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றால் தெலுங்கும் கன்னடமும் சேர்த்தால் நல்லது. வீட்டில் அந்த மொழி பேசுகிறவர்கள்தான் பாதிக் கூட்டம். நாலு மொழியையும் ஒரே அட்டையில் அடைத்தால் நியாயவிலைக் கடை அறிவிப்பு மாதிரி ஆகிவிடும். தமிழை மட்டும் சுவரில் பெரிதாக வைத்து, மற்றவற்றைக் கையில் எடுத்துப் போய்த் திருப்பி வைக்கும் அட்டையாகக் கொடுங்கள்.

பார்க்க ஒன்றுமே இல்லாத பொருளை எப்படிக் காட்டுவது?

துருப்பிடித்த இரும்புத் துண்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் யாரும் நிற்க மாட்டார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் அறிவித்தார்கள். அதாவது இன்றைக்கு 4,200 ஆண்டுக்கு முன். செய்தியைக் கேட்டு ஆசையாக வருகிறவர், துருவைப் பார்த்து "இதுதானா?" என்று போய்விடுவார்.

காலக்கணிப்புக்கு அனுப்பிய அந்த மாதிரி கிடைத்த ஆழம் 130 செ.மீ. எனக்கு வாய்ப்புக் கொடுத்தால் அந்த ஆழத்துக்கு ஒரு மண் சுவரைச் செங்குத்தாக எழுப்பி, மேலே இன்றைய புல், அடியில் அந்த இரும்பின் இடம் என்று காட்டுவேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை பக்கத்தில் நின்றால் ஏறக்குறைய தலை தட்டும். தன் உயரத்துக்குள் நாலாயிரம் ஆண்டு இருக்கிறது என்று அந்தப் பிள்ளை தானாகக் கண்டுகொள்ளும்.

பாறை ஓவியத்தையும் கோயில் ஓவியத்தையும் எப்படிக் கொண்டுவருவது?

கொண்டுவரக் கூடாது. மல்லப்பாடியின் வெள்ளை ஓவியம் பாறையோடுதான் ஓவியம். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் விதான ஓவியங்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பதும் அந்த அனுபவத்தில் சேர்த்தி. படம் எடுத்து வைப்பதானால் உண்மை அளவில் அச்சிடுங்கள். ஒரு சாண் உயர உருவத்தை ஆறடி பிளெக்ஸில் ஊதிப் பெரிதாக்கினால் அது கட்சி பேனர். மல்லச்சந்திரத்தில் பெரிய கற்பலகைகளை நிறுத்தி மூடிய பழங்கால ஈமச்சின்னங்களான கல்திட்டைகளுக்கு இதற்கு நேர் எதிர் சிக்கல்: எந்தப் புகைப்படத்திலும் சிறிதாகத்தான் தெரியும். பக்கத்தில் ஒரு ஆளை நிற்க வைத்து எடுங்கள்.

நிலத்தில் சிலை கிடைத்தது. நேரே அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாமா?

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தகவல் சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் இன்னும் பத்து ரூபாயாகவே இருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் போன்றவற்றுக்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் பொருந்தும். ஓலைச்சுவடி முதலான கையெழுத்துப் படிகளுக்கு 75 ஆண்டு போதும். வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது. கழுவாதீர்கள், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். கிடைத்த குழியையும் படம் எடுத்து வையுங்கள். குழி தெரியாத சிலை பாதி ஊமை.

உள்ளூர் ஓவியரின் படத்தை வைத்தால் பணம் கொடுக்க வேண்டுமா?

கொடுங்கள். "உங்களுக்கு விளம்பரம்தானே" என்று சொல்லாதீர்கள். பந்தல்காரரிடமும் மைக் செட்காரரிடமும் அப்படிச் சொல்ல மாட்டோம் அல்லவா? படத்தை விலைக்கு வாங்கினாலும் அதன் பதிப்புரிமை தானாகக் கைமாறுவதில்லை. ஓவியர் வாழ்ந்த காலமும் அதற்குப் பிறகு 60 ஆண்டும் அது நீடிக்கும். அழைப்பிதழில் அச்சிட எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஓரத்தை வெட்டிப் போடுவதற்கு முன் தனியாகக் கேளுங்கள்.

இதற்கு என்ன படிக்க வேண்டும்?

அருங்காட்சியகவியல் முதுகலையைப் பரோடா, கொல்கத்தா பல்கலைக்கழகங்களில் பல பத்தாண்டுகளாகச் சொல்லித்தருகிறார்கள். ஓவியம், சிற்பம் பயிலச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசுக் கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. அரசுக் காப்பாட்சியர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு. படிப்போடு தச்சர், எலக்ட்ரீஷியன் இருவரின் நட்பும் வேண்டும். இதைப் பாடத்திட்டத்தில் சேர்த்தால் நல்லது.

செல்ஃபி எடுக்க விடலாமா?

விடுங்கள். முதுகைப் பெட்டியில் சாய்க்காமல் எடுக்கச் சொல்லுங்கள்.

கண்காட்சி முடிந்த பிறகு வேலை இருக்கிறதா?

திறப்பு விழாவுக்கு வருகிற கூட்டத்தில் ஒருவர்கூடக் கழற்றும் நாளுக்கு வர மாட்டார். இரவல் வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய அன்றே நாலு பக்கமும் படம் எடுத்து, எங்கே கீறல், எங்கே விரிசல் என்று எழுதி, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். திருப்பும்போது அதே தாளை எதிரில் வைத்து ஒப்பிட வேண்டும்.

ஒருமுறை தெருக்கூத்து வாத்தியார் ஒருவரிடம் கிரீடமும் புஜக்கட்டையும் வாங்கியிருந்தோம். கல்யாண முருங்கை மரத்தில் செய்து கண்ணாடித் துண்டு பதித்தவை. கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருக்கும். திருப்பிக் கொடுத்த அன்று கிரீடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "ரெண்டு கண்ணாடி காணோமே" என்றார். பெட்டியை உதறினோம், பஞ்சைப் பிரித்தோம், ஒன்று கிடைத்தது. இன்னொன்றுக்காகத் தாளை எடுத்துப் பார்த்தால், வாங்கிய அன்றே அந்தக் குழி காலி என்று எழுதி அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆமா, அது பாப்பாரப்பட்டி ஆட்டத்துல விழுந்தது" என்றவர், கிடைத்த துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அன்றிரவு ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியை எடுத்தார்.